சுக்கான் பிடித்தவனுக்கு ஒரு பொன்னாடை

இந்த வருடத் திருவிழாவுக்கு எங்கள் கோயில் மேடையில் பேச ஓர் அரசியல்வாதியை அழைத்திருந்தார்கள். நல்ல மனிதர்தான். சப்பாத்தைக் கழற்றச் சொன்னபோது முகம் சுளிக்காமல் கழற்றினார். காலுறை ஓட்டையால் பெருவிரல் எட்டிப் பார்த்தது. அதை மறைக்கவும் அவர் முயலவில்லை. ஒலிவாங்கியைப் பிடித்து, கடல் கடந்து வருகிற அகதிகளின் பொறுப்பை ஐரோப்பிய நாடுகள் எல்லாம் நியாயமாகப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும் என்றார். கரையில் இருக்கிற இத்தாலியின் தலையிலும் கிரேக்கத்தின் தலையிலும் முழுவதையும் கட்டிவிட்டு மற்றவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருக்கக்கூடாது என்றார். சபை கைதட்டியது. கோயில் தலைவர் எழுந்து போய் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்.

நான் கைதட்டவில்லை. என் பக்கத்தில் இருந்தவளும் தட்டவில்லை. போன வருடம் இதே மேடையில், இதே தலைவரின் கையால் பொன்னாடை வாங்கியவன் அவளுடைய தம்பி. அரசியல்வாதி பேசிக்கொண்டிருந்த நேரம் அவன் இத்தாலியில் ஒரு சிறைக்குள் இருந்தான்.

நானும் இந்த நாட்டுக்கு அகதியாக வந்தவள்தான். ஆனால் ஒரு சொட்டு உப்புத்தண்ணீர் என் காலில் படவில்லை. பேர்லின் சுவர் நின்ற காலம் அது. கொழும்பில் விமானம் ஏறி, கிழக்கு பேர்லினில் இறங்கி, அங்கிருந்து நகர ரயிலில் மேற்குப் பக்கம் வந்தோம். கிழக்கின் அதிகாரிகள் எங்களைத் தடுக்கவில்லை. மேற்குக்குத் தலையிடி கொடுப்பதில் அவர்களுக்கு ஒரு சந்தோஷம். மேற்கின் அதிகாரிகளோ அந்தச் சுவரை ஒரு நாட்டின் எல்லை என்று ஒப்புக்கொள்ள மாட்டோம் என்று அடம்பிடித்தார்கள். அதனால் அங்கே நின்று எங்கள் கடவுச்சீட்டைப் பார்க்கவும் ஆள் இல்லை. இரண்டு பேரின் வீம்புக்கு நடுவில் ஓர் இடுக்கு இருந்தது. அதற்குள்ளால் யாழ்ப்பாணத்துச் சனம் கும்பல் கும்பலாக உள்ளே வந்தது.

பிறகு எங்களை மாநிலம் மாநிலமாகப் பிரித்தார்கள். கல்யாண வீட்டில் மிஞ்சிய பலகாரத்தைப் பொட்டலம் கட்டுவது மாதிரி, அந்தப் பக்கத்துக்கு இத்தனை பேர், இந்தப் பக்கத்துக்கு இத்தனை பேர். என்னை வுப்பர்டாலுக்கு அனுப்பினார்கள். பெயரை உச்சரிக்கவே எனக்கு ஒரு மாதம் பிடித்தது. ஆற்றுக்கு மேலே தொங்கிக்கொண்டு போகிற ரயிலைப் பார்த்து, இவர்களுக்கு நிலத்தில் இடம் போதாதாக்கும், எங்களை எங்கே வைக்கப் போகிறார்கள் என்று பயந்தேன். வைத்தார்கள். முணுமுணுத்துக்கொண்டுதான் வைத்தார்கள், ஆனால் வைத்தார்கள். நீ முதலில் கால் வைத்தது கிழக்கு பேர்லின், அங்கேயே திரும்பிப் போ என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆகவே இவர்களுக்குப் பங்கு பிரிக்கத் தெரியாது என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். நானே அப்படிப் பிரிக்கப்பட்டவள்.

முப்பது வருடத்துக்கு மேலாக இந்த ஊர்தான். ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. நான் சொன்ன அந்தப் பெண்ணும் அங்கேதான் வேலை செய்கிறாள். முல்லைத்தீவுக் கடற்கரைக்காரி, கல்யாணம் முடித்து இங்கே வந்தவள், என்னைவிட வயது குறைவு, என்னை அக்கா என்பாள். கடைசி யுத்தத்தில் தாயும் தகப்பனும் ஒரே நாளில் போய்விட்டார்கள். மிஞ்சியது அந்தத் தம்பி ஒருவன். அவன் மீன்பிடிக்கிறவன். காணாமல் போனவர்களுக்காக நடந்த ஊர்வலம் ஒன்றில் அவனும் போய் நின்றானாம். அதன் பிறகு சிவில் உடையில் ஆட்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். ஒருமுறை கொண்டுபோய், நடக்க முடியாதபடி திருப்பி விட்டார்கள். நடக்க முடிந்தவுடன் அவன் வெளிக்கிட்டான். படகை விற்றான், வலையை விற்றான், துருக்கிவரைக்கும் விமானத்தில் வந்தான். அங்கிருந்து கடல்.

அவன் வுப்பர்டாலுக்கு வந்த கிழமையில் அவள் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள். மெலிந்து, கறுத்து, கண்ணை மட்டும் பெரிதாக வைத்துக்கொண்டு இருந்தான். கதைக்கக் கேட்டால் கதைத்தான். புட்டுக்கு வைத்த அகப்பையை மேசையில் நிறுத்தி, அதையே சுக்கானாகப் பிடித்துக் காட்டினான்.

"படகுக்காரர் ரெண்டு பேர் அக்கா. இத்தாலிக்குக் கிட்ட வரேக்கை சின்ன வள்ளம் ஒண்டு வந்து அவங்களை ஏத்திக்கொண்டு போட்டுது. கொஞ்சத்திலை வாறம் எண்டு கையாலை காட்டினாங்கள். வரேல்லை. கடல் எழும்பத் தொடங்கீட்டுது. பிள்ளையள் கத்துது. நான் போய்ச் சுக்கானைப் பிடிச்சன். வேறை என்ன செய்யிறது? அலைக்கு விலாவைக் காட்டினா கவிட்டுப் போடும். எங்கடை கரையிலை அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்."

"தனியவோ பிடிச்சனீ?" என்று கேட்டேன்.

"சீச்சீ. கை விறைச்சுப் போம். ஒரு ஆப்கான் கிழவர், பிறகு ஒரு குர்திஷ் பொம்பிளை, ரெண்டு பெடியள். நான் அவையின்ரை கையிலை என்ரை கையை வைச்சுக் காட்டிக் குடுத்தன். ஆருக்கும் ஆற்றையும் பாஷை தெரியாது. ஆனா பிடிச்சினம்."

கரைக்கு வந்தவுடன் இத்தாலியப் பொலிஸ் போர்வை கொடுத்தது, தண்ணீர் கொடுத்தது. அடுத்ததாக மொழிபெயர்ப்பாளரை வைத்துக் கேட்டது ஒரே கேள்வி: படகை ஓட்டியது யார்? ஒருவரை ஒருவர் தெரியாத அத்தனை சனமும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. கடைசியில் அந்த ஆப்கான் கிழவர்தான், கடல்தான் எங்களைக் கொண்டுவந்து விட்டது என்று சொன்னாராம். அதைச் சொல்லும்போது இவன் சிரித்தான். அகப்பையைக் கழுவிக் கொண்டுவந்து அக்காவிடம் கொடுத்தான்.

இத்தாலியில் கைரேகை எடுத்தார்கள். அதுதான் அவன் தலையெழுத்து. முகாமில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு, ஹம்பேர்க்கில் பலசரக்குக் கடை வைத்திருந்த, அக்கா புருஷனின் உறவுக்காரரிடம் வந்து, அங்கிருந்து அக்காவிடம் வந்தான். இங்கே அகதி விண்ணப்பம் கொடுத்தான்; அகதி முகாமில் ஒரு கட்டில் கொடுத்தார்கள். சில கிழமைகளில் பதில் வந்தது. முதலில் கைரேகை வைத்த நாடு இத்தாலி. ஆகவே அவனுடைய வழக்கைக் கேட்பது இத்தாலியின் பொறுப்பு. அங்கே திருப்பி அனுப்புவோம். என்ன நடந்தது, ஏன் வந்தாய் என்று ஒரு சொல் இல்லை.

அவளுக்கு அதில் ஒன்றுதான் நெஞ்சில் ஏறி நின்றது. உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"நான்தான் அக்கா அவனைத் தூக்கி வளத்தனான். அம்மாவின்ரை மடியிலை இருந்ததை விட என்ரை இடுப்பிலை இருந்ததுதான் கூட. வளந்த தம்பிக்கு அக்கா குடும்பம் இல்லையாம். சட்டமாம். அப்ப நான் அவனுக்கு ஆர்?"

வழக்கறிஞரிடம் நானும் கூடப் போனேன். அவர் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, இத்தாலி ஏற்றுக்கொண்டு ஆறு மாதத்துக்குள் அனுப்பாவிட்டால் பொறுப்பு ஜேர்மனிக்கு வந்துவிடும். பிறகு அவன் கதையை இங்கேயே கேட்டாக வேண்டும். ஓடி ஒளிந்தால் அந்தக் காலத்தை நீட்டிவிடுவார்கள், ஆகவே ஒளியக்கூடாது. இரண்டாவது விஷயத்தைக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். சுக்கான் பிடித்த கதையை இனி ஒருவரிடமும் சொல்ல வேண்டாம். இத்தாலியில் சுக்கான் பிடித்தவன் ஆள் கடத்தியவன். வருடக்கணக்கில் உள்ளே போட்டுவிடுவார்கள். படகை மூழ்க விட்டிருந்தால் அவன்மேல் ஒரு குற்றமும் இருந்திராது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வழக்கறிஞரைத் திட்டி என்ன பயன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

ஒளியாமல் ஆறு மாதத்தைக் கடத்த இந்த நாட்டில் ஒரு வழி உண்டு. தேவாலயம் ஒன்று ஆளை உள்ளே வைத்துக்கொண்டு, இவர் எங்களிடம் இருக்கிறார் என்று அதிகாரிகளுக்கு எழுதி அறிவித்துவிடும். சட்டப்படி பொலிஸ் உள்ளே வரலாம். ஆனால் பெரும்பாலும் வராது. எங்கள் முதியோர் இல்லத்துக்கு வருகிற பெண் பாதிரியாரிடம் போய்க் கேட்டேன். அவருடைய தேவாலயத்தில் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருந்தது. தொலைபேசி எடுத்து எடுத்து, பக்கத்துச் சிறு நகரம் ஒன்றில் இடம் பிடித்துவிட்டார். ஆனால் அந்த அறை ஆவணி கடைசியில்தான் காலியாகும். அதுவரைக்கும்?

"உங்கள் கோயிலில் அறை இல்லையா?" என்று பாதிரியார் கேட்டார். "நீங்கள் எடுங்கள். நான் வந்து வாசலில் உங்களோடு நிற்கிறேன்."

அறை இருந்தது. எங்கள் கோயில் தொழிற்பேட்டைக்குள் ஒரு பழைய களஞ்சியக் கட்டடம். மேல்மாடியில் கட்டில், குளியலறை, அடுப்பு எல்லாம் உண்டு. திருவிழாவுக்கு வருகிற நாதஸ்வரக்காரருக்காகக் கட்டியது; மற்ற நாட்களில் பூட்டிக் கிடக்கும். கோயில் நிர்வாக சபையில் நான் அப்போது செயலாளர். ஜேர்மன் மொழியில் கடிதம் எழுத ஆள் தேவைப்பட்டதால் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். நான் ஒருத்தியைத் தவிர மற்ற எல்லோரும் ஆண்கள், எல்லோரும் என்னைப்போல கிழக்கு பேர்லின் வழியாக வந்தவர்கள். கூட்டத்தில் விஷயத்தை எடுத்துச் சொன்னேன். அந்த அறையில் ஒரு பிள்ளை சில கிழமை படுத்தால் கோயில் இடிந்து விழாது என்றும் சொன்னேன்.

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பெடியன் ஊரிலை எவடம்?"

இந்தக் கேள்வியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரண்டு இலங்கைத் தமிழர் எங்கே சந்தித்தாலும், தொங்கு ரயிலிலோ, ஆஸ்பத்திரி வரிசையிலோ, முதல் கேள்வி இதுதான். ஊரைச் சொன்னால் எந்தப் பள்ளிக்கூடத்தடி, எந்தக் கோயிலடி என்று அடுத்தது வரும். மூன்றாவது கேள்விக்குள் உங்கள் பாட்டன் என்ன தொழில் செய்தார் என்பதுவரை எட்டிவிடுவார்கள். பாசத்தில் கேட்கிறோம் என்பார்கள். பாசமும் இருக்கிறதுதான். ஆனால் ஆளை எந்தப் பெட்டிக்குள் போடுவது என்று தெரிந்துகொள்ளவே கேட்கிறோம் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"முல்லைத்தீவுக் கரை அண்ணை."

"அப்ப கரைப் பக்கத்து ஆக்கள்." ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "அவைக்கு ஒரு ஊர்ச்சங்கம் இருக்கெல்லே? அவையல்லோ முதல் பாக்க வேணும்."

பொருளாளர் இன்னும் கெட்டிக்காரர். "அவர் முதல் வந்து நிண்டது ஹம்பேர்க்கிலை எண்டு கேள்விப்பட்டன். ஹம்பேர்க்கிலையும் கோயில் இருக்கு. முதல் கால் வைச்ச இடத்திலை கேக்காமல் எங்களிட்டை வாறது என்ன நியாயம், சொல்லுங்கோ பாப்பம்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு சேர்ந்து கோபமும் வந்தது.

"அண்ணை, இதைத்தானே இந்த நாடும் சொல்லுது! இத்தாலிக்குப் போ எண்டு. நீங்கள் ஹம்பேர்க்குக்குப் போ எண்டிறியள். உங்களை ஆராவது கிழக்கு பேர்லினுக்குத் திரும்பிப் போகச் சொன்னவையோ?"

"பிள்ளை, கோவிக்காதை. அது வேறை, இது வேறை."

என்ன வேறு என்று கேட்டேன். ஒருவருக்குக் கதவு திறந்தால் நாளைக்கு வரிசையில் நிற்பார்கள் என்று ஒரு மூலையிலிருந்து குரல் வந்தது. கோயிலின் பதிவு போய்விடும் என்று இன்னொரு குரல். தேர் வருகிற நேரத்தில் பொலிஸ் வாசலில் நின்றால் சனம் என்ன நினைக்கும் என்று மூன்றாவது. கடைசியில் பொருளாளர், ஆளை வைக்க ஏலாது, வேண்டுமென்றால் வழக்குச் செலவுக்கு ஏதாவது கொடுப்போம் என்று ஒரு சமாதானம் கொண்டுவந்தார். எல்லோருக்கும் அது பிடித்துப்போனது. செய்தியில் பார்த்திருக்கிறேன், ஆளை எடுக்க மனமில்லாத நாடுகளும் கடைசியில் இப்படிக் காசைத்தான் நீட்டும்.

எழும்பும் நேரத்தில் தலைவருக்கு ஒரு யோசனை வந்தது. "உவர்தானே அந்தப் படகை ஓட்டிக்கொண்டு வந்தவர்? என்ரை மனுசி சொன்னவ. பெரிய விஷயம் அது. திருவிழாவிலை அவருக்கு ஒரு கௌரவிப்புச் செய்வம்."

அக்காக்காரி வாயடக்கமாக இருந்திருக்கலாம். மோதகம் பிடிக்கிற இடத்தில் பெருமை தாங்காமல் பெண்களிடம் சொல்லிவிட்டாள். தாய் தகப்பனைப் பறிகொடுத்த தம்பி ஒரு படகுச் சனத்தைக் காப்பாற்றினான் என்றால் எந்த அக்காதான் சொல்லமாட்டாள்? அவளை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் தலைவரிடம் அந்த இடத்திலேயே சொன்னேன்.

"அண்ணை, அதை வெளியிலை கதைக்கக் கூடாது. இத்தாலியிலை அது குற்றம். லோயர் அறுத்துறுத்துச் சொல்லியிருக்கிறார். கௌரவிப்பும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்."

"எனக்குத் தெரியாதோ பிள்ளை. நான் பாத்துக்கொள்ளுவன்" என்றார்.

அவர் பார்த்துக்கொண்டார். திருவிழா அன்று மாலை, பரதநாட்டியத்துக்கும் பரிசளிப்புக்கும் இடையில், ஒலிவாங்கியில் அவனை மேடைக்குக் கூப்பிட்டார். அவன் அன்னதானப் பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றான். கை துடைக்கக்கூட நேரம் கொடுக்காமல் இரண்டு பேர் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைக்கு ஓடினேன். பிள்ளைகளின் சலங்கைக் காலுக்குள் இடறுப்பட்டேன். அதற்குள் தலைவர் தொடங்கிவிட்டார். பொங்கி எழுந்த கடல். திசை தெரியாத மக்கள். சுக்கானைத் தன் இரும்புக் கரத்தால் பற்றிய எங்கள் மண்ணின் மைந்தன். கூட்டத்தில் எவடம் என்று கேட்டு ஒதுக்கிய பிள்ளை மேடையில் எங்கள் மண்ணின் மைந்தனாகிவிட்டான். தலைவரின் மகள் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு வசனத்தையும் திருத்தமான ஜேர்மனில் சொன்னாள். முன்வரிசையில், வருடாவருடம் நாங்களே அழைக்கிற உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் இருந்தார். மஞ்சள் சரிகைப் பொன்னாடையை அவன் தோளில் போட்டபோது அவன் என்னைத்தான் தேடினான். நான் மேடைக்குக் கீழே, பெரிய ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில், வாயைத் திறந்துகொண்டு நின்றேன். நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை.

மேடை கண்டால் எங்கள் ஆட்களுக்கு நாக்கில் சனி ஏறிவிடும். பொன்னாடை இல்லாமல் ஒரு விழா முடியாது. பொன்னாடை போர்த்தினால் அதற்கு ஒரு புகழுரை வேண்டும். புகழுரை என்றால் உள்ளதைக் கொஞ்சம் பெருப்பித்தே ஆக வேண்டும். அதில் தலைவருக்கு வஞ்சகம் இருந்ததாக நான் இன்றும் நினைக்கவில்லை. அறை கொடுக்காத குறையை ஒரு துணியால் மூடிவிடலாம் என்று நினைத்தார், அவ்வளவுதான். அதனால் என் கோபம் குறையவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை பத்திரிகையில் வந்தது. அரைப் பக்கம். பொன்னாடையோடு அவன் படம். அகதிகளின் மாலுமி என்று தலைப்பு. நல்லெண்ணத்தில் எழுதியதுதான், ஒவ்வொரு வரியிலும் அவனுக்காக இரங்கியிருந்தார். முதியோர் இல்லத்தில் காலைத் தேநீர் கொண்டுபோனபோது ஒரு கிழவி என் கையைப் பிடித்து, இது உங்கள் கோயில் அல்லவா, எவ்வளவு தைரியமான பிள்ளை, இப்படிப்பட்டவர்களை இந்த நாடு வைத்துக்கொள்ள வேண்டும் என்றாள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அவளும் கிழக்கிலிருந்து கைவண்டியோடு இங்கே ஓடி வந்தவளாம். அவள் கண் கலங்கியிருந்தது. நான் தேநீரை வைத்துவிட்டுக் குளிர் அறைக்குள் போய் நின்றுவிட்டு வந்தேன்.

பாதிரியார் பிடித்துக் கொடுத்த அறை அடுத்த கிழமை காலியாக வேண்டியது. அக்காவும் தம்பியும் அதற்காகப் போர்வை, தலையணை உறை எல்லாம் வாங்கி வைத்திருந்தார்கள். அதற்கு முன்பே ஒரு விடியற்காலை பொலிஸ் முகாமுக்கு வந்தது. அவன் ஒளியவில்லை, வழக்கறிஞர் ஒளியக்கூடாது என்று சொன்னாரல்லவா. உடுப்பை எடுக்க விட்டார்கள். அக்காவிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று கேட்டிருக்கிறான். அதற்கு நேரம் இல்லை என்றார்கள். பகல் சாப்பாட்டுக்கு நாங்கள் காரட் வெட்டிக்கொண்டிருந்தபோது அவன் இத்தாலியில் இறங்கிவிட்டான்.

முதல் மாதம் ஒன்றும் நடக்கவில்லை. எங்களுக்கும் மூச்சு வரத் தொடங்கியது. பிறகு ஒரு நாள் இத்தாலிய முகாமில் வைத்து அவனைக் கைது செய்தார்கள். அங்கே அவனுக்குக் கிடைத்த வழக்கறிஞர் ஓர் இளம் பெண். அரசாங்கத் தரப்பிடம் அந்தப் பத்திரிகைக் கட்டுரை இத்தாலிய மொழியில் இருக்கிறது என்று சொன்னாள். யாரோ முகநூலில் போட்ட மேடை வீடியோவும் இருந்தது. அது வுப்பர்டாலிலிருந்து எப்படி அங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு மனிதனைப் பகிர்ந்துகொள்ள வழியில்லாத நாடுகளுக்குள், அவனைப் பற்றிய தகவல் மட்டும் தடையில்லாமல் போய்வந்திருக்கிறது.

அந்த இளம் வழக்கறிஞர் சும்மா இருக்கவில்லை. படகில் வந்தவர்களைத் தேடத் தொடங்கினாள். அவர்களும் நாலா பக்கமும் சிதறியிருந்தார்கள். ஆப்கான் கிழவர் சுவீடனில் மகளோடு. குர்திஷ் பெண் ஒல்லாந்தில். அந்த இரண்டு பெடியங்களில் ஒருவன் ஒஸ்திரியாவில், அவனையும் திருப்பி அனுப்பப் பார்க்கிறார்களாம். வாயைத் திறந்தால் தங்களுக்கும் வழக்கு வரலாம் என்று அவள் அவர்களுக்கு மறைக்காமல் சொன்னாள். ஆனாலும் எழுதிக் கொடுத்தார்கள். படகுக்காரர் விட்டுவிட்டு ஓடினார்கள், நாங்கள் எல்லோரும் மாறி மாறிச் சுக்கானைப் பிடித்தோம், நானும் பிடித்தேன். மூன்று பேரும் மூன்று நாட்டிலிருந்து, ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள ஒரு மொழிகூட இல்லாமல், இதையே எழுதினார்கள். அதை எங்களுக்கு வாசித்துக் காட்டியபோது அக்காக்காரி தன் ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

எங்களிடமும் வழக்கறிஞர் ஒன்று கேட்டாள். மேடையில் பேசியவர், அது கேள்விப்பட்டதைப் பெருப்பித்துச் சொன்ன புகழுரை, தனக்கு நேரில் ஒன்றும் தெரியாது என்று ஒரு பக்கம் எழுதித் தரமுடியுமா? அது முழு உண்மையும்கூட. நான் தலைவரின் வீட்டுக்கே போனேன். தேநீர் தந்தார். கேட்டுக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, மேடையிலை சொன்னதை நானே பொய் எண்டு எழுதிக் குடுக்கிறதோ? பேப்பரிலை வந்த விஷயம். நாளைக்குக் கோயிலைப் பற்றி என்ன கதைப்பினம்? எனக்கும் இஞ்சை ஒரு பேர் இருக்கு."

"அந்தப் பெடியன் வருசக்கணக்கா மறியலுக்கை கிடக்கப் போறான் அண்ணை."

"எனக்கு மட்டும் கவலை இல்லையே? தினமும் அவன்ரை பேரிலை அருச்சனை செய்யச் சொல்லியிருக்கிறன்." தேநீரை என் பக்கம் நகர்த்தினார். "அவையின்ரை ஊர்ச்சங்கத்திலை ஒருக்காக் கேட்டுப் பாருங்கோவன். அவை ஒரு கடிதம் குடுத்தால் கனமா இருக்கும்."

தேநீரை நான் குடிக்கவில்லை. வாசலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே, இனி உங்கள் கடிதங்களை வேறு யாரையாவது வைத்து எழுதுவித்துக்கொள்ளுங்கள் என்றேன். சரி பிள்ளை, கோவம் ஆறட்டும் என்றார். என் கோபம் ஆறவில்லை. ஆற விடவும் மாட்டேன்.

இந்த வருடத் திருவிழாவுக்கு நான் போகாமல் இருக்கத்தான் நினைத்தேன். தம்பியின் பெயரில் ஒரு தேங்காய் உடைக்க வேண்டும், தனியே போக ஏலாது, வாங்கோ அக்கா என்று அவள் கேட்டதால் போனேன். அதனால்தான் அந்த அரசியல்வாதியின் பேச்சைக் கேட்க நேர்ந்தது. நியாயமாகப் பங்கு போட வேண்டும் என்று அவர் சொன்னபோது முதலில் கைதட்டியது பொருளாளர்.

அடுத்த திங்கட்கிழமை, இடைவேளைக்குக் கொஞ்சம் முன்பு, சிறையிலிருந்து அவளுக்குத் தொலைபேசி வந்தது. கிழமைக்கு ஒரு தடவை, கொஞ்ச நேரம் கதைக்க விடுவார்கள். கை முழுக்க வெங்காயம் என்பதால் அவள் ஒலிபெருக்கியில் போட்டாள். விசாரணை திரும்பவும் தள்ளிப் போய்விட்டதாம். சாப்பிடுகிறாயா, குளிருதா, ஆராவது அடிக்கிறாங்களோ என்று அவள் ஒரே மூச்சில் கேட்டாள். திருவிழாவைப் பற்றி ஒரு சொல்லும் அவள் சொல்லவில்லை.

"இல்லையக்கா, ஒருத்தரும் அடிக்கிறேல்லை" என்றான். குரல் தெளிவாக இருந்தது. "என்ரை அறையிலை இருக்கிறதெல்லாம் படகு ஓட்டினவங்கள்தான். ஒருத்தன் எகிப்து, ஒருத்தன் செனகல், ஒருத்தன் சூடான். தங்கடை தேத்தண்ணியிலை எனக்கும் பாதி ஊத்தித் தாறாங்கள். நான் யன்னல் பக்கத்துக் கட்டில் கேட்டன், உடனை விட்டுத் தந்தாங்கள்."

"நல்ல ஆக்களே அப்பு?"

"ஓம் அக்கா. இவ்வளவு நாளும் இருக்கிறன். ஒருத்தனாவது என்னைப் பாத்து நீ எந்த ஊர் எண்டு கேக்கேல்லை."